வயதான அப்பாவிடம் இரட்சிப்பைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. வாலிபத்தில் சபைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். "நான் யாருக்கும் கெடுதல் பண்ணல, அது போதும்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். இப்போது உடம்பு தளர்ந்துவிட்டது. மகளுக்கு விசுவாசம் இருக்கிறது, கூடவே பயமும் இருக்கிறது. அவர் கண்மூடுவதற்குள் இரட்சிப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார்.

முதியோரையும் நோயாளிகளையும் போய்ப் பார்க்கும் ஊழியத்தில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அந்தப் பயத்திலிருந்தே தொடங்குவோம். அது அன்பிலிருந்து வருகிற பயம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் பயத்தோடு பேச உட்கார்ந்தால், நீங்கள் கிருபையைப் பற்றி என்ன சொன்னாலும் அப்பா காதில் விழுவது "உங்களுக்கு நாள் நெருங்கிவிட்டது" என்பதுதான். அது அவருக்குத் தெரியாத செய்தி இல்லை. தன் சாவைப் பற்றிப் பிள்ளைகளைவிட அவர் அதிகமாகவே யோசித்திருப்பார். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவுதான். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதிய ஒரு கட்டுரையில், முதுமையில் மனிதர்கள் பழைய கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் மறதியோ பொழுதுபோக்கோ இல்லை, முடிவு நெருங்குவதை உணர்ந்த மனம் தன் வாழ்க்கையை எடுத்துப்போட்டுக் கணக்குப் பார்க்கிறது என்றார். அப்பா ஒரே சம்பவத்தை நான்காவது தடவையாகச் சொல்லும்போது "இதை முன்னாடியே சொல்லிட்டீங்கப்பா" என்று வெட்டாதீர்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற வாசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, நீங்கள் யார் என்பது. அவருக்கு நீங்கள் மகள். போதகரின் குரலை எடுத்துக்கொண்டால் அது எடுபடாது, எடுபடவும் கூடாது. தீமோத்தேயு என்கிற இளம் ஊழியனுக்குப் பவுல் எழுதும்போது, முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாதே, தகப்பனுக்குச் சொல்வதுபோல் புத்தி சொல் என்கிறார். ஊழியனுக்கே அந்த அளவு என்றால், சொந்த மகளுக்கு இன்னும் எவ்வளவு! மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கடுமையாகப் பேசுவது யாரிடம் என்று பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களிடம். பக்தியைக் காட்டிப் பிள்ளையின் கடமையிலிருந்து நழுவுவதை அவர் ஏற்கவில்லை. அப்பாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, காது கேட்கும் கருவியைச் சரி பார்ப்பது, மருத்துவரிடம் கூட்டிப்போவது, இதெல்லாம் சுவிசேஷம் சொல்வதற்கு முன்னால் கட்டும் முன்பணம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கடைசிவரை "வேண்டாம்" என்று சொன்னாலும் செய்ய வேண்டியவை அவை. பிள்ளை கணக்கு வைத்து அன்பு காட்டுகிறதா என்பதை வயதானவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் இருவருக்கும் இடையில் பழைய காயம் ஏதாவது இருந்தால் (விசுவாசத்துக்கு வந்த புதிதில் பிள்ளைகள் வீட்டில் பேசிய பேச்சு பல வீடுகளில் இன்னும் ஆறாமல் கிடக்கிறது) அதற்கு மன்னிப்பு கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அதே மூச்சில் "ஆண்டவரும் உங்களை மன்னிக்கக் காத்திருக்கிறார்" என்று சேர்த்தால், கேட்ட மன்னிப்பு பிரசங்கத்துக்கு முன்னுரை ஆகிவிடும்.

சரி, "நான் யாருக்கும் கெடுதல் பண்ணல" என்ற அந்த வாக்கியத்துக்கு வருவோம். இதைக் கேட்டதும் பலருக்குக் கை தானாக ரோமர் மூன்றாம் அதிகாரத்துக்குப் போகும்: எல்லாரும் பாவஞ்செய்தவர்கள். அது என் விசுவாசமும்தான். ஆனால் இந்த நேரத்தில் அந்த வசனத்தை எடுத்தால், எண்பது வருட வாழ்க்கையைப் பிள்ளையே குப்பை என்று சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். சிலருக்கு அது உண்மையான திருப்தி. சிலருக்கு அது கதவைச் சாத்தும் சத்தம், பேச்சை நிறுத்த ஒரு வழி. இன்னும் சிலருக்கு, இவர்கள்தான் நான் அதிகம் பார்த்தவர்கள், அது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சமாதானம். கெடுதல் செய்த ஒரு முகம் ராத்திரியில் ஞாபகத்துக்கு வருவதால்தான் பகலில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பேசாமல் போன ஒரு தம்பி, கண்ணீர் விட்ட மனைவி, ஏமாற்றிய ஒரு கூட்டாளி.

இதில் எது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. "உண்மைதான்ப்பா, நீங்க எங்களை எப்படி வளர்த்தீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பொய்யாக இல்லை, நிஜமாக நன்றி சொல்ல ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லி. அப்புறம் ஒரு கேள்வி: "திரும்பிப் பார்த்தா, எதை வேற மாதிரி செஞ்சிருக்கலாம்னு தோணுது?" பதில் அன்றைக்கே வராது. ஒரு வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாத நேரத்தில் வரும். வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், கையில் அலைபேசி இல்லாமல்.

உண்மையிலேயே ஒழுக்கமாக வாழ்ந்த மனிதருக்கு லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தின் இளைய மகனை, தகப்பனின் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்தவனை, சொல்லிப் பயனில்லை. "நான் என்ன சொத்தை அழிச்சேனா?" என்பார், நியாயமான கேள்வி. அவருக்குரிய ஆள் மூத்த மகன். வீட்டைவிட்டுப் போகாதவன், உழைத்தவன், ஆனால் தகப்பனைத் தகப்பனாக அனுபவிக்காமல் எஜமானாகவே பார்த்து வாழ்ந்துவிட்டவன். விருந்துக்குள் வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறவனை வருந்தி அழைக்கத் தகப்பனே எழுந்து வெளியே வருகிறார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். அதட்டவில்லை. அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார். ஒழுக்கமானவர்களுக்கும் கிருபை தேவை என்பதை அவமானப்படுத்தாமல் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

அப்பா சபையைவிட்டு ஏன் நின்றார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அது தத்துவச் சிக்கலாக இருக்காது. ஒரு அவமானம், பணத்தகராறு, ஒரு பிள்ளையின் சாவில் யாரோ சொன்ன இரக்கமில்லாத ஒரு வார்த்தை என்று ஏதாவது இருக்கும். கேட்டபின் சபைக்காக வாதாட வேண்டாம். "அது தப்புதான்ப்பா" என்று சொல்ல முடிந்தால் போதும். நாற்பது வருடமாக யாரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி நேரடியாகப் பேசும் நாள். அதற்கு அனுமதி கேளுங்கள்: "அப்பா, எனக்கு முக்கியமான ஒரு விஷயத்தை உங்ககிட்ட பகிர்ந்துக்கணும். இப்ப கேக்குறீங்களா, இன்னொரு நாள் வெச்சுக்கலாமா? போதும்னு தோணினா சொல்லுங்க, நிறுத்திடுறேன்." இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாதவரிடம் பேசும்போது நிறுத்தும் உரிமையை நாமாக அவர் கையில் கொடுக்க வேண்டும். பேதுரு தன் நிருபத்தில், உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றவர், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்றும் சேர்த்தே எழுதினார். முதல் பாதியை மனப்பாடம் செய்தவர்கள் நிறைய.

நேரம், இடமெல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் அவைதான் பேச்சைக் கெடுக்கும். அவருக்குத் தெளிவாக இருக்கும் வேளையாகப் பாருங்கள். பலருக்கு அது காலை. முகம் தெரிகிற மாதிரி எதிரே உட்காருங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், உறவுக்கூட்டம் இருக்கும்போது வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

என்ன சொல்வது? உங்கள் கதையைச் சொல்லுங்கள். பிசாசுகளின் பிடியிலிருந்து குணமான மனிதன் இயேசுவோடேயே வருகிறேன் என்றபோது, உன் வீட்டாரிடம் போய்க் கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்றுதான் அவர் அனுப்பினார். உபதேசப் பட்டியலைச் சொல்லச் சொல்லவில்லை. உங்களுக்கு எது மாறியது, எதற்கு இன்னும் பதில் தெரியவில்லை, இரண்டையும் சொல்லலாம். அதன் நடுவே மையம் வர வேண்டும்: இரட்சிப்பு என்பது நாம் சேர்த்துவைத்ததற்குக் கிடைக்கும் கூலி இல்லை, கிறிஸ்துவின் மரணத்தினாலும் உயிர்த்தெழுதலினாலும் தேவன் கொடுக்கிற ஈவு. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் இரண்டாம் அதிகார வசனத்தைச் சபைகள் வேறு வேறு கோணத்தில் விளக்கிவந்தாலும், நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியால் இல்லை, கிருபையால் மட்டுமே என்பதை லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999-இல் கையெழுத்திட்ட கூட்டறிக்கையில் ஒன்றாகவே சொல்லியிருக்கின்றன. அதனால் அப்பாவிடம் சபைப் பிரிவு வழக்குகளைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இடத்தில் வயதானவர்களிடமிருந்து வரும் ஒரு மறுப்பு உண்டு. இளம் வயதினரிடம் அதைக் கேட்க முடியாது. "காலமெல்லாம் கண்டுக்காம இருந்துட்டு, சாகப்போற நேரத்துல போய் கையேந்துறதா? அது கோழைத்தனம்மா." இதைப் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். அதற்குள் ஒரு நேர்மை இருக்கிறது, வாழ்நாள் முழுக்கக் கடன் வைக்காமல் வாழ்ந்த மனிதரின் நேர்மை. இலவசமாக வாங்குவது அவருக்குக் கூச்சம். மத்தேயு இருபதாம் அதிகாரத்தின் திராட்சத்தோட்டக் கதை இந்தக் கூச்சத்துக்கே எழுதியதுபோல் இருக்கும். பதினோராம் மணி நேரத்தில், அதாவது வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது வந்தவர்களுக்கும் நாள் முழுக்க வெயிலில் உழைத்தவர்களுக்கும் ஒரே கூலி. அங்கே எரிச்சலடைவது முதலில் வந்தவர்கள். கடைசியில் வந்தவர்களைப் பார்த்து "இப்போதுதான் வர நேரம் கிடைத்ததா" என்று எஜமான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லப்போனால் அந்தக் கடைசி மணியில் வெளியே போய்த் தேடியதே அவர்தான்.

சிலுவையில் மனந்திரும்பிய கள்ளனைப் பலரும் சொல்வார்கள், நீங்களும் சொல்லலாம். ஆனால் அவசரத்துக்கு உதாரணமாகச் சொல்லாதீர்கள். அவன் பேசியதைக் கவனித்தால் போதும். எங்களுக்குக் கிடைத்தது நியாயம்தான் என்றான், இவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்றான், என்னை நினைத்தருளும் என்று கேட்டான். அவ்வளவே. மூச்சுவாங்கும் மனிதராலும் சொல்ல முடிகிற அளவு. கைப்பிரதிகளின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் "பாவியின் ஜெபம்" அப்படியே வேதத்தில் எங்கும் கிடையாது. அதை வரிவரியாகச் சொல்லவைத்து "ஆமென்" வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையைச் சந்தோஷப்படுத்த அப்பாக்கள் என்ன வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வார்கள். அவரே ஜெபிக்க விரும்பினால் இயேசு சொன்ன கதையில் வரும் ஆயக்காரனின், அதாவது வரி வசூலிப்பவனின், ஒரே வரி போதும்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

இன்னொரு கேள்வி வரலாம், இதுதான் கனமானது. "நான் மட்டும் பரலோகம் போயிட்டா, எங்க அம்மா அப்பா? உங்க அம்மா?" முன்னே போனவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல் ஒரு வலி. இது புதிய கேள்வியும் இல்லை. ஜப்பானிலிருந்து திரும்பிய பிரான்சிஸ் சவேரியார் 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் முன்னோரை நரகத்திலிருந்து மீட்க வழியில்லையா என்று கேட்டதையும், இல்லை என்று தான் சொன்னதும் அவர்கள் அழுததையும், அதைப் பார்த்துத் தானும் துயரப்பட்டதையும் எழுதியிருக்கிறார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை, அந்தப் பதிலில் எனக்குச் சம்மதமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையே 1964-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில், தன் தவறு இல்லாமல் சுவிசேஷத்தை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று சொன்னது. பல சுவிசேஷ சபைகள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் தனிப்பட்ட ஒரு ஆளுக்குத் தீர்ப்பு எழுதும் வேலை எந்தச் சபையின் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கப்படவில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்ட இடத்தில் நீங்களும் நில்லுங்கள். "பாட்டியை அவர் நம்மளைவிட நல்லா அறிவார்ப்பா, நியாயமில்லாம எதுவும் செய்ய மாட்டார்" என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

அவர் விரும்பினால் சடங்குகள் பற்றி ஒரு வார்த்தை. சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றாரா என்று விசாரியுங்கள். கத்தோலிக்கர், லூத்தரன், ஆங்கிலிக்கன் முதலிய சபைகள் மறுபடி கொடுப்பதில்லை. பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசித்தபின் முழுக்கு எடுக்கச் சொல்லும். தண்ணீரில் இறங்க உடம்பு இடம் கொடுக்காவிட்டால் போதகரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கத்தோலிக்கராக வளர்ந்தவர் என்றால் நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) சாகும் தறுவாயில் மட்டும் கொடுப்பது என்ற பழைய எண்ணம் வேண்டாம். 1972-இல் திருத்தப்பட்ட முறைப்படி, கடும் நோயிலோ முதுமைத் தளர்ச்சியிலோ உள்ளவருக்கே, நினைவு நன்றாக இருக்கும்போதே கொடுக்கலாம். அருட்தந்தை வந்தாலே சாவு என்று அவர் பயப்படாதபடி முன்கூட்டிக் கூப்பிடுங்கள்.

நினைவு மங்கிக்கொண்டிருந்தால் அணுகுமுறை வேறு. புதிய விளக்கங்கள் நிற்காது. ஆனால் சிறுவயதில் பாடிய பாட்டும் கர்த்தருடைய ஜெபமும் மற்றவை போனபின்பும் பலரிடம் தங்கியிருக்கும். பேச்சு போனவர் பல்லவியை முணுமுணுப்பதைப் பார்க்கலாம். அதைப் பாடுங்கள், கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். காய்ச்சலிலோ மருந்தின் மயக்கத்திலோ குழம்பியிருப்பவரிடம் முடிவு எதுவும் வாங்க வேண்டாம். சுயநினைவில்லாமல் கடைசி மணிகளில் இருந்த சில நோயாளிகளின் மூளை ஒலிகளுக்கு இன்னும் எதிர்வினை காட்டியதைப் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்குப் புரிந்ததா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சங்கீதம் வாசிக்க அது போதுமான காரணம். விசுவாசமுள்ள ஒருவர் ஆண்டவரையே மறந்துவிட்டால் என்னாகும் என்று கேட்பவர்களுக்கு ஏசாயா நாற்பத்தாறில் பதில் இருக்கிறது: "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்." அங்கே பிடித்துக்கொண்டிருப்பது ஆண்டவருடைய கை.

அவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? "சரிப்பா" என்று சொல்லுங்கள், மறுநாளும் அதே முகத்தோடு போங்கள். "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" என்று பவுல் சிறைச்சாலைக்காரனுக்குச் சொன்னதைக் காட்டி, உங்கள் விசுவாசம் போதாததால்தான் அப்பா வரவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த வசனங்களில் அந்த வீட்டார் எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள், எல்லாரும் விசுவாசித்தார்கள் என்றிருக்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசித்ததாக இல்லை. இயேசுவின் சொந்தச் சகோதரரே அவர் ஊழியம் செய்த நாட்களில் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் பதிவு செய்கிறார். அவர்களே பிறகு மேல்வீட்டறையில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோடு இருக்கிறார்கள். யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமுவையும் பாருங்கள். "ஒரு மனுஷன் முதிர்வயதாயிருக்கையில் எப்படிப் பிறப்பான்?" என்று இயேசுவிடம் இரவில் கேட்டுவிட்டுப் போனவர், அன்றைக்கு எந்த முடிவும் சொன்னதாக இல்லை. பிறகு ஆலோசனைச் சங்கத்தில் ஒரு வார்த்தை நியாயம் பேசுகிறார். கடைசியில் ஏறக்குறைய நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தோடு இயேசுவின் அடக்கத்துக்கு வருகிறார். சிலருடைய விசுவாசம் அந்த வேகத்தில்தான் நடக்கும், பிள்ளைகளுக்குக் கண்ணில் படாமலும் நடக்கும்.

நீங்களே எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அவர் வயதுக்காரர், பழைய சிநேகிதர், விசுவாசி ஒருவர் இருந்தால் அவரை அடிக்கடி வரச்சொல்லுங்கள். மகளிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்வார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தன்னை எப்படி, எந்த முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று அப்பாவிடமே கேட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவையுங்கள். அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டால் அந்த எழுத்து உறவினர் சண்டையைத் தவிர்க்கும். ஏற்றுக்கொள்ளாமலே போனாலும் அதன்படியே செய்யுங்கள். அவர் சொல்லாத சாட்சியை அடக்க ஆராதனையில் அவர் பேரில் நீங்கள் சொல்லாதீர்கள், வேறு யாரையும் சொல்ல விடவும் வேண்டாம்.